கல்லறையில் பதித்த மெடல்

பென்ஷன் லைன்,
தேவனாம்பட்டினம் ரோடு, கடலூர்.
20.2.2005

அன்புள்ள தம்பி லூர்துவுக்கு,

அக்கா ஜோதி மேரி எழுதுவது. நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சிதம்பரம் ஊருக்குள் அலை வரவில்லை.

தண்ணீர் வந்த அன்று அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நீதான். சிதம்பரத்தில் யாருக்கும் தெரியாமல் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தாய், அதனால் அம்மா பிழைத்தாள். லைனே பார்த்தது, நானும் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் முகாமுக்கு உன் ஆபீசர் நிவாரண டியூட்டிக்கு வந்து, "என்னப்பா அருள்முருகன், நீ எங்க இங்க? இந்தம்மா யாரு?" என்று கேட்டார். நீ "தெரிஞ்சவங்க சார்" என்றாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே நீ பஸ் ஏறிவிட்டாய். அம்மா அதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் திட்டுவதாக வைத்துக்கொள்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். சுனாமிக்குப் பிறகு தாலுகாவிலிருந்து வந்து அளந்தார்கள். நம் லைன் முழுக்கப் புறம்போக்காம். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சொந்தம் என்று காட்ட ஆதாரம் இருந்தால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கட்டப்போகும் குடியிருப்புக்குப் போக வேண்டும். அப்பா இருதயசாமி நமக்கு விட்டுப்போனது இந்த ஒரு வீடு. அம்மாவுக்கு முட்டி மடங்காது. இங்கே மாதா கோயிலும் என் நர்சரி பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம்.

அப்பாவின் கொள்ளுத்தாத்தா, நம் சுபேதார் சவரிமுத்து, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா சண்டைக்குப் போய் வந்ததற்காகக் கொடுத்த இடம் இது என்று அப்பா சொல்லாத நாள் உண்டா? அந்த சர்வீஸ் ரிக்கார்டு எங்காவது இருக்கும். நீ ஆபீஸில் காகிதத்தோடு குடித்தனம் செய்கிறவன். உனக்கு இங்கிலீஷ் வரும். சென்னையில் தேடிப் பார்.

நீ சொன்னபடி உன் சிநேகிதர் பழனிவேலுவின் போட்டோ ஸ்டூடியோ விலாசத்துக்கே போடுகிறேன். கூடப்பிறந்தவனுக்கு எழுத இத்தனை சுற்று.

அக்கா,
ஜோதி மேரி


சிதம்பரம்,
12.3.2005

உ

அக்காவுக்கு வணக்கம்.

20.2.2005 தேதியிட்ட உன் கடிதம் கிடைத்தது. வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முகாமில் நான் சொன்னது தப்பு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பெயரை நான் கேட்டு வாங்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவதற்கு முன் அப்பாதான் என்னைக் கீரப்பாளையம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அந்த ஊர்ப் பள்ளியில் லூர்து பிரகாஷ் அருள்முருகன் ஆனான், எஸ்.சி. சர்டிபிகேட் கைக்கு வந்தது. மாதா கோயிலுக்குப் போகிறவன் பி.சி. என்பது சட்டம். டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்தவன் நாம் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று கேட்டு வைக்கவில்லை. அப்பா அதைத்தான் சொன்னார். "ஒருத்தனாவது கரையேறட்டும்" என்றார். ஏறிவிட்டேன். இப்போது எந்தப் பக்கமும் இறங்க வழியில்லை.

எங்கள் ஆபீஸில் கண்ணாயிரம் என்று ஒருவர். சர்டிபிகேட்டின் மேல் யாரோ பெட்டிஷன் போட்டு, விசாரணை நடந்துகொண்டே இருக்கிறது. மனுஷன் சஸ்பெண்டில் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. அவருடைய காலி நாற்காலியைத் தாண்டித்தான் தினமும் டீ குடிக்கப் போகிறேன். வெண்மதிக்கு என் கதை தெரியும். என் மாமனார் சுப்பிரமணியன் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் வீட்டு போன் வேண்டாம், ஸ்டூடியோ விலாசம் என்றேன்.

சவரிமுத்து என்ற பெயரை நான் போய்த் தேடினால், யார் நீ, உனக்கென்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நீயே எழுதிக் கேள். லண்டனில் ஒரு பெரிய நூலகத்தில் பழைய பட்டாளத்து ரிக்கார்டுகள் இருக்கின்றனவாம். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

அருள்முருகன்


கடலூர்,
14.11.2005

அன்புள்ள லூர்து,

உச்சியில் பிள்ளையார் சுழி எல்லாம் போட்டு எழுதியிருந்தாய். நல்ல வளைவாக வந்திருந்தது. நானும் சிலுவை போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், உன் ஸ்டூடியோக்காரர் பார்த்துவிடுவாரே என்று இந்த முறை விட்டுவிட்டேன்.

லண்டனுக்கு எழுதினேன். எங்கள் பங்குச் சாமியார் இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தார். மரியாதையான பதில் வந்தது. வெள்ளைக்கார சிப்பாய்களுக்குத் தனித்தனியாக ரிக்கார்டு உண்டாம். நம் ஊர் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் அங்கே இல்லையாம். ரெஜிமெண்ட் எது, பட்டாளத்தில் பதிந்த பெயர் என்ன என்று தெரிந்தால் இந்தியாவிலேயே தேடலாம் என்கிறார்கள். ரெஜிமெண்ட் யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்ததெல்லாம் கல்லறைதான்.

கல்லறைத் திருநாளுக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்தேன். அலை மதிலைத்தான் தள்ளியிருக்கிறது, சுபேதார் அசையவில்லை. நெஞ்சுக்கு நேராகச் சாந்து வைத்துப் பதித்த மெடலைப் புளி போட்டுத் தேய்த்தேன். ராணி தலை பளபளவென்று வந்தது. நீயும் நானும் சின்ன வயதில் யார் தேய்ப்பது என்று அடித்துக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அக்கா வழக்கம்போல, "சுபேதார் வூட்டு மகாராணி, ரொம்பத் தேய்க்காத, ராணிக்கு மூக்கு போயிரும்" என்றாள்.

நீ போய்த் தேட மாட்டாயா? யாராவது கேட்டால், தெரிஞ்சவங்களுக்காகத் தேடுகிறேன் என்று சொல்லேன். அதுதான் உனக்குச் சொல்ல வருமே.

ஜோதி மேரி


சிதம்பரம்,
8.1.2007

உ

அக்காவுக்கு,

ஓராண்டுக்கு மேலாகப் பதில் போடவில்லை. நீ கடைசியில் எழுதிய வரி அப்படி.

ஆனாலும் போனேன். ஆபீஸ் வேலையாகச் சென்னை போகும்போதெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். ஊர் வரலாறு எழுதுகிறேன் என்று அனுமதி வாங்கினேன். தென்னாற்காடு மாவட்டத்தில் குடியேறிய பட்டாளத்துப் பென்ஷன்காரர்களின் பட்டியல்கள், மனுக்கள், கலெக்டர் எழுதிய கடிதங்கள் எல்லாம் பார்த்தேன். கையில் எடுத்தாலே ஓரம் உதிர்கிறது. பென்ஷன் லைனுக்கு இடம் ஒதுக்கியது உண்மை. கடலோரம், கோட்டைக்குத் தெற்கே என்று இருக்கிறது. யார் யாருக்கு என்ற பெயர்களும் இருக்கின்றன. சவரிமுத்து மட்டும் இல்லை. சுபேதார்களில் இல்லை, ஜமேதார்களில் இல்லை, ஹவில்தார்களில்கூட இல்லை. கிறிஸ்தவப் பெயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வந்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அங்கே உட்கார்ந்திருக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. அந்த அறையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்?

அருள்முருகன்


கடலூர்,
3.8.2008

லூர்து,

இரண்டாம் நோட்டீஸ் வந்துவிட்டது. லைனில் பாதிப் பேர் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் வீட்டை உடனே இடித்துவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு வடக்குச் சுவர் இப்போது வெளிச்சுவர். காற்றடித்தால் உப்புத் தூள் நேராகச் சோற்றில் விழுகிறது. கொளஞ்சி அக்கா மட்டும், "நீ போனாத்தான் நான் போவேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். அது தெம்பா பாரமா என்று தெரியவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து எனக்கு ஒரு இடம் வந்தது. பெண்டாட்டி செத்த வாத்தியார், நல்ல மாதிரி. அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். "நான் பூட்டா வூட்ட இடிச்சிருவாங்க. அவன் வந்தான்னா எங்க வருவான்?" என்றாள். அவ்வளவுதான், வாத்தியாருக்கு வேண்டாமென்று எழுதிப் போட்டேன்.

நீ வருவாய் என்று ஒரு கிழவி வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வீடு என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரிந்தால் கத்தியாவது தீர்த்துக்கொள்வேன்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாயே, இப்படித்தான் இருக்கிறாள்.

ஜோதி மேரி


சிதம்பரம்,
19.10.2008

உ

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கவனமாகப் படி.

போன வாரம் ஆபீஸில் சர்வீஸ் ரிஜிஸ்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். என் ரிஜிஸ்டரை நானே பார்த்தேன். அருள்முருகன், இந்து. அங்கமச்சம் முதற்கொண்டு சரியாக இருக்கிறது. அப்போதுதான் தோன்றியது. இன்னும் நூறு வருஷம் கழித்து என் பேரனுக்குப் பேரன் வந்து, எங்கள் லூர்து பிரகாஷ் இங்கே வேலை பார்த்தாராமே என்று தேடினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாம் சவரிமுத்துவை அப்படித்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்?

கல்லறையில் இருப்பது கோயில் பெயர். பட்டாளத்தில் என்ன பெயர் கொடுத்தாரோ. எந்தப் பெயரைச் சொன்னால் சேர்ப்பார்களோ அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். இது எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். வேறு யாருக்குத் தோன்றும்?

அந்தக் காலத்து மெடல்களில் வாங்கியவனின் பெயரும் ரெஜிமெண்டும் விளிம்பில் வெட்டியிருக்கும் என்று படித்தேன். நாம் வருஷா வருஷம் முகத்தைத் தேய்த்தோமே தவிர விளிம்பைப் பார்த்ததில்லை. அது சாந்துக்குள் இருக்கிறது. மெடலைப் பெயர்த்து எடுக்க வேண்டும். பழனிவேலுவை அனுப்புகிறேன், கல்லறையோடு சேர்த்துப் படம் எடுக்கட்டும்.

அம்மாவிடம் நீதான் பேச வேண்டும்.

அருள்முருகன்


கடலூர்,
5.11.2008

அன்புள்ள லூர்து,

அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "செத்தவன் நெஞ்சுல ஆணி அடிக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு நீ சொல்லித்தான் செய்கிறோம் என்றேன். "அவன் சொன்னா ஏதாவது இருக்கும்" என்றாள். முகாமுக்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் வாயில் வந்த நல்ல வார்த்தை அதுதான்.

திருநாள் கூட்டம் போகட்டும் என்று நேற்றுப் போனோம். சாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பழனிவேலு நல்ல மனுஷன், வெயிலில் நின்று பொறுமையாக எடுத்தார். கொத்தனார் உளியை வைத்தார். பழைய சுண்ணாம்பு கெட்டி, மெடல் லேசில் வரவில்லை. வந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி விளிம்பைப் பார்த்தேன்.

நீ சொன்னது சரி. சவரிமுத்து இல்லை, முனியன். அதற்குப் பின்னால் ரெஜிமெண்ட் நம்பர் இருக்கிறது, படத்தில் தெளிவாகத் தெரியும். முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? சிப்பாய். சுபேதாரும் இல்லை கிபேதாரும் இல்லை, வெறும் சிப்பாய். லூர்து, இந்த சுபேதாரை வைத்து நாம் எத்தனை பேரை இளக்காரம் பண்ணியிருப்போம்? வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அப்பா, சுபேதார் வீட்டுக்குத் தகுமா என்று திருப்பி அனுப்பினாரே, அதில் கடைசியில் மிச்சமானவள் நான்தானே? கல்லறையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் பழனிவேலு சொல்லியிருப்பார், நம்பாதே.

லைனில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கொளஞ்சி அக்கா, "வெள்ளக்காரன் தப்பா வெட்டியிருப்பான்" என்கிறாள்.

ஜோதி மேரி


சிதம்பரம்,
22.6.2009

உ

அக்கா,

கிடைத்துவிட்டார்.

முனியன், கடலூர்ப் பிறப்பு. சிறு வயதிலேயே சேர்ந்திருக்கிறார். பர்மாவில் இருந்திருக்கிறார். காலில் காயம்பட்டுப் பென்ஷனில் வந்தவர். பென்ஷன் லைனில் நான்காவது மனையை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுத்ததாகக் கலெக்டர் உத்தரவு இருக்கிறது. நான்காவது மனை நம் வீடுதான். அதே உத்தரவில் மற்ற மனைகளும் இருப்பதால் லைனுக்கே இது போதும். கொளஞ்சி அக்காவிடம் சொல். சான்றிட்ட நகல் வாங்கி இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மெடலின் படத்தையும் கல்லறையின் படத்தையும் சேர்த்துக் கொடு. முனியனும் சவரிமுத்துவும் ஒரே ஆள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஜாதி என்ற இடத்தில் நம் ஜாதி இல்லை. வேறொன்று எழுதியிருக்கிறது. ஏன் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. நம் ஆட்களை அந்த வருஷம் வேண்டாம் என்றிருப்பார்கள், இவர் பசியோடு நின்றிருப்பார். சர்வீஸ் முழுக்க முனியனாக இருந்துவிட்டு, வந்து சவரிமுத்துவாகச் செத்திருக்கிறார். அந்த நகலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர் மேல் பொறாமை. அவரால் திரும்பி வர முடிந்தது.

அருள்முருகன்


கடலூர்,
17.3.2010

அன்புள்ள லூர்து,

காகிதம் நின்றது. தாலுகாவில் ஏற்றுக்கொண்டார்கள். உத்தரவு செல்லும், பட்டா கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நீ செய்த வேலை. அம்மா உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆனால் பட்டா வாரிசுகளுக்குத்தான். அப்பாவின் வாரிசு யார் யார் என்று கேட்கிறார்கள். பங்குக் கோயில் ரிஜிஸ்டரிலும் பழைய ரேஷன் கார்டிலும் மூன்று பேர்: பாக்கியமேரி, ஜோதி மேரி, லூர்து பிரகாஷ். மூன்று பேரும் நேரில் வந்து, அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். லூர்து பிரகாஷ் என்ற பெயரில் உனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வக்கீல் சொல்வது இது: நீ வந்து, அருள்முருகன் என்கிற லூர்து பிரகாஷ் என்று அபிடவிட் கொடுத்தால் முடிந்தது.

அது உனக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வருகிறாயா?

ஜோதி மேரி


சிதம்பரம்,
2.5.2010

அக்கா,

அபிடவிட்டை நானே டைப் அடித்துவிட்டேன். அதிலொன்றும் கஷ்டமில்லை. கையெழுத்துப் போட உட்காரும்போதெல்லாம் கண்ணாயிரம் நினைவுக்கு வருகிறார். அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். நான் போட்டால் என்னோடு முடியாது. பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் என்னுடையதைப் பார்த்துக் கொடுத்ததுதான். பெரியவன் இந்த ஜூனில் பத்தாவது.

போடாவிட்டால் அம்மா தெருவில். போட்டால் வெண்மதியும் பிள்ளைகளும் தெருவில். இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் யாரோ ஒருவர் தெருவில் நிற்கிறார்கள். நான் மட்டும் போய் நின்றால் போதும் என்றால் இன்றைக்கே வந்திருப்பேன்.

எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. மாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அருள்முருகன்


கடலூர்,
9.7.2012

திரு. அருள்முருகன் அவர்களுக்கு,

உனக்கு இப்படி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. காரணம் சொல்கிறேன்.

நீ கேட்ட அவகாசத்தை இரண்டு வருஷம் கொடுத்தேன். வக்கீல்தான் வழி சொன்னார். ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் ஒரு சேதியும் இல்லாவிட்டால், செத்தவராக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். லூர்து பிரகாஷைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று லைன்காரர்களைக் கேட்டார்கள். சுனாமி அன்று காலையில் பார்த்ததுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். முகாமில் நீ இருந்த ஒரு நாளை விட்டால் அதில் பொய்யே இல்லை. அதற்குப் பிறகு உன்னை யார் பார்த்தார்கள்? கொளஞ்சி அக்கா ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அதோடு முடியவில்லை. யாரோ ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். லூர்து சிதம்பரத்தில் வேறு பெயரில் உத்தியோகம் பார்க்கிறான் என்று எழுதி, உங்கள் ஆபீஸ் விழாப் படத்தில் உன் முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தது. தாலுகாவிலிருந்து ஆர்.ஐ. விசாரிக்க வீட்டுக்கே வந்தார். என்னை வாசலில் நிறுத்திவிட்டு, அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு உன் முகம். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யாரும்மா?"

"தெரிஞ்ச புள்ள" என்றாள். "தண்ணி வந்தன்னைக்கு என்னத் தூக்கினு ஓடுச்சி. நல்ல புள்ள. எம்புள்ள இல்ல."

"உங்க புள்ள எங்க?"

"அன்னையிலேருந்து வரல சார்."

அவர் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். படத்தையும் எடுத்துப் போய்விட்டார். அம்மா அதை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தாள் போல, கை நீண்டு திரும்பியது. நான் உள்ளே போனதும், "சரியாச் சொன்னனா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். "எதுக்குடி அழுவற? அவன் சொன்னதத்தான நான் சொன்னேன்" என்றாள்.

அதில் குத்தல் இல்லை, தம்பி. நானாக இருந்தால் குத்தலாகச் சொல்லியிருப்பேன். அம்மா பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள். முகாமில் நீ சொன்னபோது அவளுக்கு வலித்தது, ஆனால் ஏன் சொன்னாய் என்றும் அப்போதே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் இத்தனை வருஷம் ஆனது.

போன வாரம் பட்டா வந்தது. இரண்டு பெயர். வீடு நின்றுவிட்டது, உன் வேலைக்கும் ஆபத்தில்லை. மெடலைப் பழையபடி சாந்து வைத்துப் பதித்துவிட்டேன், விளிம்பு உள்ளே போய்விட்டது. அதே கல்லறையில் அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் சந்தேகம் வரும் என்கிறார் வக்கீல். நவம்பரில் பூசையில் வாசிக்கவும் பெயர் கொடுத்துவிட்டேன்.

இனி எழுதாதே. செத்தவனுக்கும் நமக்கும் தபால் போக்குவரத்து கிடையாது. வராதே. இந்தக் கடிதங்களையெல்லாம் கொளுத்திவிடு. என்னிடம் இருப்பதை நான் கொளுத்தவில்லை, அது வேறு.

வெண்மதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

ஜோதி மேரி


சிதம்பரம்,
3.11.2012

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குப் பிறகு இல்லை.

நேற்று வந்தேன். நீ பார்க்கவில்லை. சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனபோது நீ பாட்டுக்காரப் பெண்களோடு அந்தக் கோடியில் இருந்தாய். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போகத்தான் வந்தேன். பெயர் வாசித்தார்கள். இருதயசாமி என்றார்கள், அடுத்து லூர்து பிரகாஷ் என்றார்கள். என் பெயரை மைக்கில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. கால் தானாக உள்ளே வந்துவிட்டது. செத்துப்போனவனைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

அம்மா நம் கல்லறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொம்பச் சின்னதாகிவிட்டாள். சுற்றி லைன்காரர்கள், யாரும் என்னை அடையாளம் கண்ட மாதிரி தெரியவில்லை. கொளஞ்சி அக்கா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். புதிதாகச் சுண்ணாம்பு வைத்த மெடல் தெரிந்தது. அப்பா பெயருக்குக் கீழே கறுப்பு பெயிண்டில் என் பெயர். எழுத்து நன்றாக இருக்கிறது, யார் எழுதியது?

வழிப்போக்கன் மாதிரி கடந்து போகலாம் என்று நடந்தேன். அம்மா கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த மெழுவத்தி காத்துல அணைஞ்சிப் போச்சி. கொஞ்சம் ஏத்திக் குடு."

என் பெயருக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்தி அது. ஏற்றினேன். காற்றுக்கு இரண்டு கையையும் மறைத்துக்கொண்டு, அது நின்று எரியும் வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"சிதம்பரம்."

"புள்ளைங்க இருக்குதா?"

"ரெண்டு. பெரியவன் பன்னெண்டாவது படிக்கறான்."

"நல்லாப் படிக்கட்டும். வூடு பக்கத்துலதான் இருக்குது, நாலாவது வூடு. வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயேன்."

சுற்றிலும் ஆட்கள். ஆர்.ஐ. வீட்டுக்காரர்களும் யாரோ பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தார்கள். அந்த வீட்டு வாசற்படி கண்ணில் வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சிம்மா" என்றேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயசான பொம்பளையை யாரும் அம்மா என்றுதானே கூப்பிடுவார்கள்? அதற்கு சர்டிபிகேட் கேட்பதில்லை. அதனால் இன்னொரு தரம் கூப்பிட்டேன். "வரேம்மா" என்றேன். அம்மா, "போய்ட்டு வா" என்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கையில் மெழுகு ஒட்டியிருந்தது. வீடு வந்தும் கழுவவில்லை.

தம்பி,
லூர்து